வாசலில் தொங்கிய ஈரத்துணி

அம்மா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. நினைவு மலருக்கு எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். அழுகை இன்னும் வரவில்லை.

அம்மா பிறந்தது இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். பள்ளிக்கூடம் போகும் வயதில், புரட்சி என்று துப்பாக்கி தூக்கிய இளைஞர்களையும் அவர்களைத் தேடி வந்த பட்டாளத்தையும் பார்த்தார். பிறகு தமிழர்களுக்கு எதிரான கலவரங்கள். தோட்டத்துக் கோயிலை எரித்தார்கள். திருநீறும் பொட்டுமாக வெளியே போனவர்கள் திரும்புவது நிச்சயமில்லை. அம்மாவின் அக்காவைப் பொட்டைப் பார்த்துத்தான் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அவர் வரவே இல்லை. போர் மூண்டதும் குடும்பத்தில் மிச்சமிருந்தவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

தென்காசி பக்கத்து மேலகரத்துக்கு அம்மா மருமகளாக வந்தார். அப்பாவுக்குக் குற்றாலத்தில் பழக்கடை. வீட்டுக்குள் அம்மாவின் நெற்றி நிறையப் பொட்டு இருக்கும். வெளியே கிளம்பும்போது, வாசல் ஆணியில் தொங்கும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். துணியை நனைத்துக் கொடுப்பது என் வேலை. தென்காசி பஸ்ஸில் ஒரு ஆச்சி என்னிடம், "ஏட்டி, ஒங்கய்யா எப்ப தவறுனாவ?" என்று கேட்டார். அப்பா முன்சீட்டில் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து சொன்னதும், "நான் செத்தது எனக்கே தெரியலியே" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "ஒரு நாளாவது பொட்டோட இந்தப் படி எறங்கணும்னு ஆசதான். கை கேக்க மாட்டேங்குதே" என்றார்.

ஐந்தருவிக்கு மட்டும் தயங்காமல் வருவார். அங்கே குளித்து வரும் எல்லாப் பெண்களுக்கும் நெற்றி வெறுமையாகத்தான் இருக்கும்.

போன ஆடியில் நெஞ்சுவலி. கார் வருவதற்குள் முடிந்துவிட்டது. அப்பாவின் தங்கையான அத்தைதான் மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்தார். தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தபோது நான் துணியை நனைத்து எடுத்து அம்மாவின் நெற்றிக்குக் குனிந்துவிட்டேன். யோசிக்கவே இல்லை.

"என்னட்டி செய்யுத?" என்று அத்தை பதறினார். சுமங்கலியின் பொட்டை மகளே அழிப்பதா என்று கூட்டத்தில் முணுமுணுத்தார்கள். அப்பா என் கையைப் பிடித்தார். "விடும்மா. இனிமே அவள யாரும் எறக்க மாட்டாவ."

அந்தத் துணி இன்னும் ஆணியில்தான் காய்ந்து கிடக்கிறது. எடுக்க எங்களுக்குக் கை வரவில்லை.

காரியங்கள் முடியும்வரை உலை வைத்துச் சோறு போட்ட உறவினர்களுக்கும், அன்று சாரலில் குடை பிடித்து, பொட்டு கலையாமல் அம்மாவைக் கொண்டுசேர்த்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.