குதிக்காத பிள்ளை

மெத்தைக் கடைக்காரர் என்றால் பஞ்சு மாதிரி ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். யாராவது செருப்போடு படுத்துப் பார்த்தாலே போதும், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். மனைவி போய்ச் சேர்ந்தபின், நாலு வயது மகளைக் கடையிலேயே வைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்தார். அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார். பொடிசுக்கு ஒரே பொழுதுபோக்கு, உறை பிரிக்காத புது மெத்தைகளில் ஏறிக் குதிப்பது. திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் ஒரு பொய்யை எடுத்துவிட்டார்.

"குதிச்சா குடல் அறுந்துடும். வயிறு வலிச்சா அதான் அர்த்தம், தெரிஞ்சுக்கோ."

பொய் நன்றாகவே வேலை செய்தது, அவர் கண்ணெதிரில் மட்டும்.

ஒரு நாள் பொடிசு கடை மூலையில் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தாள். சாப்பாடு வேண்டாம் என்றாள், வாந்தி எடுத்தாள்.

"வயிறு வலிக்குதாடா?"

"இல்லப்பா. வலிக்கவே இல்ல."

தெருமுனை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் அவளைத் தரையில் நிறுத்தி, "எங்கே, ஒரு தடவை குதிச்சுக் காட்டு, வயிறு வலிக்குதான்னு பார்ப்போம்" என்றார். பொடிசு அப்பாவைப் பார்த்தாள். மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"குதிக்க மாட்டா டாக்டர். நான் ஒண்ணு சொன்னா சொன்னதுதான்" என்றார் அப்பா. பெருமை வேறு.

டாக்டரும் சிரித்துவிட்டார். வாந்திக்கு மருந்து கொடுத்து, காய்ச்சல் ஏறினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

மறுநாள் காலையில், ராத்திரியெல்லாம் கேட்ட பிள்ளையின் முனகல் சட்டென்று நின்றது. மருந்து கேட்டுவிட்டது என்று நிம்மதியாகக் கடையைத் திறந்தார் மனுஷன். சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாய்க் கொதித்தது. வயிறு பலகையாய் இறுகியிருந்தது.

"குடல்வால் வெடிச்சிருக்கு. வெடிச்சதும் கொஞ்ச நேரம் வலி குறைஞ்ச மாதிரி இருக்கும், ஏமாந்துடுவோம்" என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். "வயிறு பூரா சீழ் பரவியிருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்குச் சீக்கிரமா வெடிச்சிடும். வலியைச் சொல்லவும் தெரியாது பாருங்க."

"எம்பொண்ணு நல்லா பேசுவாளே டாக்டர்" என்றார் இவர். அதற்குள் அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

"கூட வேற யாரு வந்திருக்கா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"யாரும் இல்லம்மா."

மற்றவர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் டீ வாங்கப் போனால் இன்னொருவர் காத்திருந்தார். இவருக்கு நாக்கு வறண்டது. எழுந்து போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது? பொடிசின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். வயிற்றில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். கண்ணைத் திறந்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு இதுதான்.

"ஒரே ஒரு தடவைதான் குதிச்சேன்ப்பா. திட்டாத."

பிள்ளைக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. பயந்துபோய் மறைத்திருக்கிறாள். அவர் வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதார். அப்பா சொன்னது பொய், குதித்ததால் வந்த வலி இல்லை என்று ஆயிரம் தரம் சொன்னார். அவள் நம்பவில்லை. வலி வந்தது நிஜம்தானே.

புண் ஆறி, இனி ஓடலாம் குதிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, கடையிலேயே உசத்தியான மெத்தையின் உறையைக் கிழித்துப் போட்டார். பொடிசு சுவரோரம் ஒட்டி நின்றாள், கிட்டவே வரவில்லை. சரி என்று அவரே ஏறினார். தொந்தி குலுங்கக் குலுங்கக் குதித்தார்.

"பாருடா, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல!"

பிள்ளை சிரிக்கவில்லை. வீறிட்டு அழுதாள்.

"எறங்குப்பா! உன் குடலும் அறுந்துடும்! நீ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா என்கூட யாருப்பா இருப்பா?"

மெத்தைக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்ல இறங்கி, சுவரோரம் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.