ஜன்னலுக்கு வெளியே போன ஸ்கிம்மர் குழாய்

1. மெஷின்தான் பெருசாகும்

கூலாயில் குணசேகரன் வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போன அன்று அவர் மீனைக் காட்டவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொட்டிக்குக் கீழே இருந்த கேபினட் கதவைத் திறந்து, "இதெல்லாம் மாத்தணும்ணே" என்றார்.

அப்போது நான் மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு மீன் கடையின் சர்வீஸ் ஆள். கடல்நீர்த் தொட்டிகள் மட்டும் என் பொறுப்பு. குணாவுடையது இரண்டடி நீளமுள்ள சிறிய ரீஃப் டேங்க். இரண்டு கோமாளி மீன்கள், அவை ஒண்டிக்கொள்ளும், பூப்போல விரிந்த ஓர் அனிமோன், கொஞ்சம் பவளங்கள், முதுகில் சிவப்புக் கோடும் நீண்ட வெள்ளை மீசையும் உள்ள ஒரு கிளீனர் இறால். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. டியூப் லைட் மங்கியிருந்தது, பம்ப் சத்தம் போட்டது. ஒவ்வொன்றாக மாற்றினாலே போதும். ஆனால் அவர் முழு செட்டையும் முடிவு செய்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

எங்கள் தவுக்கே, அதாவது கடை முதலாளி, இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். கல்யாணமான வாடிக்கையாளருக்குத் தொட்டி பெருசாகாது, வீட்டம்மா விடமாட்டார்; உள்ளே இருக்கிற மெஷின்தான் பெருசாகும்.

குணா சிங்கப்பூரில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெக்னீஷியன். விடியுமுன் கிளம்பி, பாலம் தாண்டி வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புவார். தொட்டிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. இரவுச் சாப்பாட்டுத் தட்டோடு அதில்தான் உட்காருவார் என்று அவர் மனைவி சரளா சொன்னார். புகாராகச் சொல்லவில்லை. "டிவிக்கு இது தேவலாம்ணே, நியூஸ் வராது" என்றார்.

சரளா வீட்டிலேயே பலகாரம் செய்து பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர். ஆவியாகிக் குறையும் தண்ணீரை ஈடுகட்ட தினமும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும், மத்தியானம் மீனுக்குத் தீனி போடுவதும் அவர்தான்.

2. எல்லாம் பச்சை

புதிய எல்இடி லைட், சத்தமில்லாத பம்ப், தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர், முன்பிருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிய ஸ்கிம்மர். எல்லாவற்றையும் ஒரு கன்ட்ரோலரில் இணைத்தேன். எது எப்போது ஓட வேண்டும் என்பதை குணா தன் போனிலிருந்தே மாற்றலாம். தண்ணீரின் வெப்பமும் பிஎச்சும் சரியாக இருந்தால் திரையில் பச்சை விளக்கு எரியும். தொழிற்சாலைக்குள் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஓய்வு நேரத்தில் எடுத்து அந்தப் பச்சையைப் பார்ப்பதற்காகவே அவர் இதை வாங்கினார்.

ஸ்கிம்மரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது காற்றை உறிஞ்சி, தண்ணீரோடு கலந்து நுரையாக்கி, அந்த நுரையோடு அழுக்கை வெளியேற்றும் கருவி. ஏர்கான் போட்டுப் பூட்டிய வீட்டில் நாம் விடுகிற மூச்சு வெளியே போகாது. ஸ்கிம்மர் அந்தக் காற்றையே இழுத்தால் தண்ணீரில் பிஎச் இறங்கிவிடும். அதனால் காற்றுக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விடுவது எங்கள் தொழிலில் பழக்கம். இங்கேயும் அப்படித்தான் செய்தேன். பிஎச் ஏறியது. குணா அந்த கிராஃபைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார்.

கிளம்பும் முன் எதை எப்படி நிறுத்துவது என்று காட்ட சரளாவைக் கூப்பிட்டேன். குணா தடுத்தார்.

"அவளுக்கு எதுக்குண்ணே? கண்டத அமுக்கி வைப்பா. எல்லாம் என் போன்லயே இருக்குலா."

"ஆமா, எனக்கு அடுப்படி சுவிட்சு மட்டும்தான் தெரியும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மூன்று பேரும் சிரித்தோம். வாங்கியவருக்கு விளக்கிவிட்டுக் கிளம்புவதுதான் கடையின் வழக்கம். கிளம்பிவிட்டேன்.

3. ஃபோகிங்

சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம் சரளாவிடமிருந்து போன் வந்தது. அதற்கு முன் அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. நான் ஸ்கூடாயில் வேறொரு வீட்டில் வேலையாக இருந்தேன்.

அவர்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், டிங்கி என்கிற டெங்குக் காய்ச்சல். கொசு மருந்துப் புகை அடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள், சாப்பாட்டையும் மீன் தொட்டியையும் மூடி வையுங்கள் என்று வேனில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்களாம். மூடினால் போதுமா என்று கேட்டார்.

போதாது. அந்த மருந்து பூச்சியைக் கொல்வது போலவே இறாலையும் கொல்லும், மீனையும் விடாது. ஸ்கிம்மர் ஓடினால் புகையை உறிஞ்சித் தண்ணீரில் கலந்துவிடும். புதிய ஸ்கிம்மர் இழுக்கிற காற்றோ பழையதைப் போல இரண்டு மடங்கு.

குணாவிடம் பேசினீர்களா என்று கேட்டேன். ஓய்வு நேரத்தில் ஒரு தடவை பேசினாராம். கதவைத் திறக்காதே, வீட்டில் ஆள் இல்லாத மாதிரி இரு என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலைக்குள் போய்விட்டார். இனி ஷிஃப்ட் முடியும் வரை பிடிக்க முடியாது.

"அடுத்த வீட்டு மலாய்க்கார மக்சிக்கோட பையன் டிங்கில ஐசியூல கெடக்கான்ணே. நேத்து என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவுறாங்க. நான் எப்படிக் கதவச் சாத்திக்கிட்டு உக்கார்றது? தொறக்கத்தான் போறேன். ஆனா இதுல ஒண்ணு செத்தாலும், நீதான தொறந்தேன்னு ஆயுசுக்கும் பேச்சு வாங்கணும். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

கதவைச் சாத்தினாலும் பயனில்லை என்றேன். குழாய் வெளியே இருக்கிறது. புகை அதன் வழியாக நேரே தொட்டிக்குள் போகும். "அலமாக்" என்றார் சரளா, மலாயில் ஐயோ என்பது போல.

வீடியோ அழைப்புக்கு மாறினோம். கேபினட்டுக்குள் ஒரே மாதிரி கறுப்பு பிளக்குகள் வரிசையாக இருந்தன. எது ஸ்கிம்மர் என்று படத்தில் எனக்கே தெரியவில்லை. வயர்களை நானே ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தேன்; ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க நேரமில்லை. கருவியில் இருந்த ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்தார். கன்ட்ரோலர் திரும்ப ஓட வைத்தது. மெயினை அணைத்தால் எல்லாமே நின்றுவிடும். மூடிய தொட்டியில் தண்ணீர் அசையாமல் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். புகை விலக எவ்வளவு நேரமாகும் என்று யாருக்குத் தெரியும்? போனில் புகை மெஷினின் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது.

"அண்ணே, இந்த வெள்ளக் குழாதானே வெளிய போவுது? இத மடிச்சுக் கட்டிட்டா காத்து எப்படி வரும்?"

வராது. ஸ்கிம்மர் வெறும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டிருக்கும், நுரை வராது, யாருக்கும் கெடுதலில்லை. கட்டுங்கள் என்றேன். பலகாரப் பொட்டலத்துக்குப் போடும் ரப்பர் பேண்டை எடுத்து, குழாயை இரண்டாக மடித்து இறுக்கினார். பாத்திரம் மூடும் பிளாஸ்டிக் தாளைத் தொட்டியின் மேல் இழுத்து ஒட்டினார். கேபினட் இடுக்குகளில் ஈரத்துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டில் விரிப்பு.

வாசலில் ஓர் ஆணின் குரல் கேட்டது. "கக், இகான் சுடா துத்துப்?" மீனை மூடியாயிற்றா என்று கேட்கிறார்.

"சுடா. மாசோக்லா" என்றார் சரளா. ஆயிற்று, உள்ளே வாருங்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

4. இறால்

நெடுஞ்சாலையில் வேலை முடிந்து திரும்பும் கூட்டம். நான் போய்ச் சேர்ந்தபோது புகை அடங்கியிருந்தது, டீசல் வாடை போகவில்லை. சரளாவும், மக்சிக் என்று அவர் அழைக்கும் அந்த மலாய் அம்மாவும் கேட் அருகே நின்றுகொண்டிருந்தார்கள்.

வாடை குறையும்வரை காத்திருந்து, தொட்டியைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்த பிறகே பிளாஸ்டிக் தாளை உரித்தோம். மருந்தைப் பிடிக்கும் கார்பனைப் புதிதாகப் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்த குழாய்ப் பகுதியை மட்டும் வெட்டிப் பையில் கட்டினேன்; மடித்துக் கட்டிய இடம் அப்படியே இருந்தது. கோமாளி மீன்கள் நீந்தின. பவளங்கள் சுருங்கியிருந்தன, அது பெரிய விஷயமில்லை. மருந்து இறங்கியிருந்தால் முதலில் போவது இறால்தான். அதைக் காணவில்லை.

சரளா நாலைந்து தீனி உருண்டைகளைப் பாறையருகே போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு பாறைக்குப் பின்னாலிருந்து இரண்டு வெள்ளை மீசைகள் நீண்டன. சரளா கணவரின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

குணா வந்தபோது கழுத்தில் வேலையிடத்து அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். எல்லாம் பச்சையாகவே இருந்திருக்கிறது. கொசு மருந்தை அளக்க அந்தக் கன்ட்ரோலருக்குத் தெரியாது. திறந்து கிடந்த ஜன்னலைப் பார்த்தார், தரையில் கிடந்த விரிப்பைப் பார்த்தார்.

"கதவத் தொறந்தியா?"

"தொறந்தேன்."

குழாய் விஷயத்தை நான் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுச் சும்மா இருந்திருந்தால் தொட்டி பிழைத்திருக்காது என்பதையும் சொன்னேன். அவர் குனிந்து, மடித்துக் கட்டியிருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"குழா வெளிய போறது எனக்கு ஞாபகமே வரல" என்றார். பிறகு மனைவியிடம், "மக்சிக் பையன் எப்படி இருக்கான்?"

"இன்னும் ஐசியூலதான்."

அட்டையைக்கூடக் கழற்றாமல் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

5. பிறகு

அடுத்த வாரம் நான் மறுபடி போனபோது பையனை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். இந்தத் தடவை சரளாவை குணாவே கூப்பிட்டார். வயர்க் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பிளக்கிலும் பெயர் எழுதி ஒட்டினோம். சரளா சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, "கண்டத அமுக்கலாமா?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டார். குணா, "அமுக்குலா" என்றார்.

இளம் சர்வீஸ் ஆட்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நல்ல கருவி நல்லதை மட்டும் வேகமாகச் செய்வதில்லை; கெடுதலையும் அதே வேகத்தில் செய்யும். அந்த நேரத்தில் அதை வாங்கியவர் பெரும்பாலும் வேறொரு நாட்டில், போனை லாக்கரில் பூட்டிவிட்டு நின்றுகொண்டிருப்பார்.

அதனால் யார் அப்கிரேடுக்குக் கூப்பிட்டாலும், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று முதலில் கேட்பேன். அவர் தன் கையால் ஒவ்வொன்றையும் நிறுத்தி, மறுபடி ஓடவிட்ட பிறகுதான் என் கருவிப் பெட்டியை மூடுவேன். சில கணவன்மார்களுக்கு அதுவரை பொறுமை இருக்காது. அவர்களை உட்காரச் சொல்லிவிடுவேன்.