கிராணி ஊற்றிய உப்பு

என் அம்மாச்சி அமலம்மாள் நல்லவள். ஆனால் எதையும் மறக்கமாட்டாள். நானும் அவள் பேத்திதான்.

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வேலியோரம் அவள் வைத்து வளர்த்த மங்குஸ்தான் மரம் நின்றது. காய்த்தால் பாதி அணிலுக்கு, பாதி வௌவாலுக்கு. கீழே விழுந்தது மட்டும் எங்களுக்கு. "அதுங்களுக்கு யாருடி பாசாருக்குப் போய் வாங்கித் தருவா?" என்பாள். ஒரு பூப்பறிக்கக்கூடச் செடியிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பாள்.

அடுத்த வீட்டில் இருந்த, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேதநாயகத்துக்கு அந்த மரம் ஆகவில்லை. மாதா கோயில் மூப்பர் வேறு! வௌவால் எச்சம் அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் படுகிறதாம். 1921இல் இலையெல்லாம் பழுத்து, மூன்றே மாதத்தில் மரம் பட்டுப்போனது. பின்வீட்டு நூர்ஜான்தான் வந்து சொன்னாள். "நீங்க மொதப் பூசைக்குப் போனதும் கிராணி வேலிக்கு மேல வாளி வாளியா உப்புத் தண்ணி ஊத்துறாருக்கா. ஞாயித்துக்கெழம தவறாம!"

"பச்சை மரத்தைக் கொன்னுட்டானே பாவி!" என்று அம்மாச்சி மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சண்டைக்குப் போகவில்லை. பட்ட மரத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, அதே குழியில், அவர் பார்க்கும்படி ஒரு தென்னம்பிள்ளை நட்டாள். ஞாயிறு தவறாமல் முதல் பூசைக்கும் கிளம்பினாள். "ஊத்துடா, நல்லா ஊத்து" என்று படலைச் சாத்தும்போது முணுமுணுப்பாள்.

இரண்டாம் பூசைக்குப் போகிற கிராணியும் இரண்டு வருடம் ஊற்றினார். பினாங்கிலேயே பிறந்து பேனா பிடித்த மனுஷருக்குத் தேங்காய் தின்னத்தான் தெரியும். அம்மாச்சி வேளாங்கண்ணிக் கடலோரத்துக்காரி. தென்னங்குழிக்கு அங்கே உப்புப் போட்டுத்தான் வளர்ப்பார்கள். மரம் மளமளவென்று வளர்ந்து அவர் வீட்டுப் பக்கமே சாய்ந்தது.

ஏழாம் வருடம் முதல் தேங்காய் அவர் சமையற்கட்டுத் தகரத்தில் விழுந்தது. டமார்! அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

"அமலம்மா, அந்த மரத்த வெட்டிடுங்கலா" என்று வேலிக்கு வந்து கெஞ்சினார்.

"பெத்த பிள்ளைய வெட்டுவாங்களா கிராணி ஐயா?" என்றாள்.

1931இல் படுக்கையில் விழுந்தாள். சாமியார் வந்து, "எல்லாரையும் மன்னித்தாயா?" என்று கேட்டார். "மன்னிச்சேன் சாமி" என்றாள். அவர் படி இறங்கியதும் என் கையைப் பிடித்தாள்.

"ரீத்தா, உப்பு விஷயத்தைக் கிராணிகிட்டச் சொல்லாமப் போறேனே. நீ சொல்லிடு. இப்ப இல்லடி. குருத்தோலை அவரு கையில இருக்கிறப்பச் சொல்லு."

அவள் கண்ணை மூடியபின் வந்த குருத்தோலை ஞாயிறுக்குக் கோயில் ஓலையெல்லாம் எங்கள் மரத்திலிருந்துதான் போனது. நீளமான குருத்து ஒன்றை மூப்பருக்கென்று நானே எடுத்துக் கொடுத்தேன். சாமியார் ஓலைகளை மந்திரித்து முடித்தார். பவனி கிளம்பும் நேரம் பார்த்துக் கிராணியின் அருகில் போனேன்.

"நல்ல ஓலை இல்லையா ஐயா? நீங்க ரெண்டு வருஷம் ஊத்துன உப்புல வளந்தது. தென்னைக்கு உப்புதான் எரு. உப்பிட்டவங்கள மறக்காத மரம், உங்க பக்கமே சாஞ்சிருக்கு."

அவர் முகம் கறுத்துப்போனது. ஆனால் மந்திரித்த ஓலையை யார் கீழே போட முடியும்? ஊரே பார்க்க, "ஓசன்னா" பாடியபடி ஏந்திக்கொண்டு நடந்தார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததே இல்லை.

வீட்டுக்குப் போய் அதை இயேசுவின் திருஇருதயப் படத்தின் பின்னால் அவர் செருகியதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். அடுத்த வருடம் சாம்பல் புதனுக்குக் கோயிலில் எரிக்கக் கொடுக்கும்வரை அது அங்கேதான் இருந்தாக வேண்டும். தினமும் அதன் முன்னால் முழங்கால் போட்டுச் செபம் சொல்லட்டும்.