செத்தவன் நடந்த படம்

பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்த பிறகு என் கணவர் எதையுமே கேட்டதில்லை. எஸ்டேட்டில் லோரி ஓட்டிய மனிதர், நாற்காலியே கதியென்று கிடந்தார். ஒருநாள் திடீரென்று, “அந்தப் பொணம் நடக்கிற படம், ரெண்டாவது பாகம் வந்திருச்சாம் லா,” என்றார். வாய்விட்டு ஒன்றைக் கேட்டாரே என்று மெர்லிமாவ் டவுன் வீடியோ கடைக்கு ஓடி கேசட் எடுத்து வந்தேன்.

படத்தில், கல்லறையிலிருந்து எழுந்த ஒரு பிணம் இடது காலை இழுத்து இழுத்து நடந்தது. எனக்குத் திக்கென்றது. ஆஸ்பத்திரியில் எவ்வளவு சொல்லியும் எழுந்து நிற்கவே மறுத்தவர் இவர். மனம் நோகுமே என்று டிவியை நிறுத்தப் போனேன்.

“நிறுத்தாத புள்ள. செத்தவனே நடக்கிறான். நான் உசுரோடதான லா இருக்கேன்?”

நாற்காலியைப் பிடித்து எழுந்தார். வலக்கையை அந்தப் பிணம் மாதிரியே நீட்டி, உறுமிக்கொண்டு, காலை இழுத்து என்னை நோக்கி ஓரடி வைத்தார். பிறகு இன்னோர் அடி.

“ஐயோ, விழுந்திடப் போறீங்க!” அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன எனக்கு.

அந்தப் படத்தில் கடைசியில் யார் பிழைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரையில் எல்லாரும் அலறி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.