மகளின் நெற்றிமுடி

சலூன்காரருக்குக் கோணலாக எதையும் பார்க்கச் சகிக்காது. வாடிக்கையாளர் எழுந்து வாசல்வரை போய்விட்டாலும், காதோரம் ஒரு முடி துருத்திக்கொண்டிருந்தால் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைப்பார். அவரைப் பிரிந்து அடுத்த தெருவில் பார்லர் நடத்தும் மனைவியும் அதே ரகம். ஒரே கடையில் வேலை கற்றவர்கள்; ஒருவர் வெட்டியது இன்னொருவருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. கல்யாணம் முறிந்ததற்கு அது மட்டும் காரணமில்லை, ஆனால் அதுவும் உண்டு.

மகளுக்காக மல்லுக்கட்டத் தயாராகத்தான் இருவரும் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி அதற்கு இடமே கொடுக்கவில்லை. தக்க காரணம் இல்லாதவரை பிள்ளை இருவரிடமும் சரிபாதி இருக்க வேண்டும், இப்போது வந்திருக்கும் புதுச் சட்டமே அப்படித்தான் என்றார். பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்றால் மட்டும் மாற்றலாமாம். ஒரு ஷேவிங் முடிகிற நேரத்தில் வழக்கு முடிந்தது. ஒரு வாரம் அப்பா, மறு வாரம் அம்மா. நியாயமான சட்டம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் போட வந்த சண்டை இருவர் கையிலும் அப்படியே மிஞ்சிவிட்டது.

அது மகளின் தலையில் வந்து விடிந்தது. அம்மா வீட்டிலிருந்து வந்ததும், இடது பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று அப்பா நெற்றிமுடியில் ஒரு நறுக்கு. அங்கே திரும்பிப் போனதும், வலது பக்கம் சரியில்லை என்று அம்மா ஒரு நறுக்கு. மூன்றாம் வகுப்புப் பெண், இரண்டு இடத்திலும் வாயைத் திறக்காமல் தலையைக் கொடுத்தாள். புருவத்தைத் தொட்ட முடி ஏறி ஏறி, நடுநெற்றியில் பிரஷ் மாதிரி நின்றது.

ஒருநாள் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது, "இனிமே நான் சித்தி வீட்டுல இருந்துக்கிறேன்ப்பா," என்றாள்.

அம்மாவின் தங்கையைச் சொல்கிறாள். ஏன் என்று கேட்டார்.

"சித்திக்கு முடி வெட்டத் தெரியாது."

சலூன்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சட்டம் கொடுத்த பாதியும் தன் கத்திரியாலேயே போய்விடும் என்று அப்போதுதான் உறைத்தது. அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை.

அடுத்த முறை அவள் வந்தபோது வலது பக்கம் பளிச்சென்று ஏற்றமாக இருந்தது. அவருக்குக் கை பரபரத்தது. மகள் வழக்கம்போல நாற்காலியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கத்திரியை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"வெட்டலையாப்பா?"

"எதுக்கு? அம்மா அழகா வெட்டியிருக்காளே."

பச்சைப் பொய். மகள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, கண்ணாடியில் அவர் முகத்தை ஆராய்ந்தாள். பிறகு நாற்காலியைச் சுற்றவிட்டபடி பேச ஆரம்பித்தாள். அம்மா பல்லிக்குப் பயந்து கட்டில்மேல் ஏறியது, பார்லரில் ஒருத்தி தூங்கிக் குறட்டை விட்டது என்று கதை கதையாக வந்தது. இத்தனை மாதத்தில் அந்த வீட்டைப் பற்றி இங்கே அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"நீ அழகா இருக்குன்னு சொன்னதை அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"சொல்லு," என்றார். வலது பக்கம் இன்னும் ஏற்றமாகத்தான் இருந்தது.