கப்பல் அளவுச் சோறு

நான் கடற்படையில் சமையல்காரனாக இருந்தவன். இருபது வருடத்துக்கு மேல் கப்பல் குசினிகளில் நின்றேன். ஆனால் குறிஞ்சாக்கேணியில் எங்கள் ஒழுங்கைக்குள் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "துறைமுகத்தில" என்று மட்டும் சொல்வேன். சண்டை நடந்த அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வதுதான் நல்லது. தமிழ் பேசுகிற ஒருவன் கடற்படை உடுப்போடு பஸ்ஸில் ஏறினால் இந்தப் பக்கத்தாரும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், அந்தப் பக்கத்தாரும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். உடுப்பைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டுச் சாரத்தோடு வீட்டுக்கு வருவேன். காலம் மாறிவிட்டது. என் பழக்கம் மாறவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் எனக்குக் கூச்சம். இப்போது ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறேன். ஆணியும் பெயின்ற்றும் எடுத்துக் கொடுக்க அதிகம் கதைக்கத் தேவையில்லை.

மகனும் கடற்படையில் சேர்ந்தான். எஞ்சின் அறையில் வேலை. அவனுடைய கப்பல் அரபிக்கடல் பக்கம் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போகப்போகிறது என்றும், தெரிவு செய்யப்பட்டவர்களில் தானும் ஒருவன் என்றும் ஃபோனில் சொன்னான். நான் பார்த்த கடலெல்லாம் இந்தத் தீவைச் சுற்றி இருப்பதுதான். "நல்லது மகன்" என்று சொல்லி ஃபோனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பின்வளவுக்குப் போய்ச் சைக்கிளைக் கழுவினேன். முதல் நாள்தான் கழுவிய சைக்கிள். சந்தோஷம் வந்தால் என்னால் சும்மா இருக்க ஏலாது, கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் "பெரிசாக் கதைக்க வேணாம்" என்று சொல்லி வைத்தேன்.

போவதற்கு முன் மகன் லீவில் வந்தான். கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"கடைக்காரர் கேக்கிறார், 'இப்ப எங்க தம்பி வேலை, கொழும்பிலயா?' எண்டு. ஒழுங்கையில ஒருத்தருக்கும் தெரியா வாப்பா."

"ம்."

"உம்மாட்டயும் கதைக்க வேணாமெண்டு சொன்னீங்களாம். நான் போறது உங்களுக்கு வெக்கமா?"

வெட்கமா? அவன் என் நெஞ்சுக்குள்ளே வந்து பார்த்திருக்க வேண்டும். சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

"போற அண்டைக்குப் பகலைக்கு என்ன கறி வேணும்?"

அவன் சிரிக்கவில்லை. "நீங்களே ஆக்குங்க. கப்பல்ல ஆக்கின மாதிரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

மாதக்கணக்கில் கடலில் இருக்கப்போகிறவன். எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, வாப்பாவுக்கு என்னால் வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பானே என்பதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. அதை எப்படிச் சொல்லி மாற்றுவது என்று தெரியவில்லை. ஆக்கத் தெரியும்.

பகல் சாப்பாட்டுக்கு மனைவியின் சகோதரர்கள் குடும்பமும் என் தங்கச்சி குடும்பமும் மட்டும்தான். எல்லாமாகப் பதினைந்து பேர் வரும். மனைவியும் மகனும் காலையிலேயே சாமான் வாங்க டவுனுக்குப் போய்விட்டார்கள். பின்வளவில் கல் வைத்து அடுப்பு மூட்டினேன். ஓய்வு பெற்ற பிறகு நான் அகப்பை பிடித்ததே இல்லை, மனைவி குசினிக்குள் விடமாட்டாள். வீட்டுச் சட்டிகளைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் விளையாட்டுச் சாமான் போல இருந்தன. பள்ளிவாசலில் கந்தூரிச் சாப்பாடு ஆக்க வைத்திருக்கும் பெரிய கிடாரங்களில் இரண்டைக் கேட்டு வாங்கினேன்.

"என்ன நானா, கலியாணமா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் பள்ளிவாசல் மோதினார்.

"இல்ல, சும்மா."

இறைச்சிக் கடையில் எத்தனை கிலோ என்று கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். இறைச்சி வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு, "வீட்டில யானை ஏதும் வளக்கிறீங்களா?" என்றார். பகிடி என்று நினைத்து நானும் சிரித்துவிட்டு, வழியில் ஒரு அரிசி மூட்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீடுகளில் அரிசியைச் சுண்டால் அளப்பார்கள். நான் கப்பலில் அளப்பதில்லை. கண்ணால் பார்த்துப் போடுவேன். இன்னொன்றும் உண்டு. கடல் கொந்தளித்தால் பாதிப் பேர் சாப்பிட மாட்டார்கள், அதற்குத் தக்கபடி குறைத்து ஆக்குவோம். கடல் அமைதியாக இருந்தால் எல்லோரும் இரண்டாம் தரமும் சோற்றுக் கோப்பையை நீட்டுவார்கள். அன்று ஒரு சொட்டுக் காற்றும் இல்லை. வளவுக்கு அப்பால் களப்புத் தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. இன்றைக்கு எல்லோரும் நன்றாகச் சாப்பிடுவார்கள் என்று, உலையில் இன்னும் இரண்டு பேசின் அரிசியை அள்ளிப் போட்டேன். இங்கே யாருக்குக் கடல் ஆடப்போகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. ஏலமும் கறுவாவும் கொதித்து, இறைச்சி பதமாகி, பருப்புக்குத் தாளிதமும் போட்டு முடிக்கும்வரை என் மனதில் இருந்தது மகன் கேட்ட கேள்வி மட்டுந்தான்.

மகனுக்கு டவுனில் இன்னும் வேலை இருந்ததால் மனைவி மட்டும் முதலில் திரும்பி வந்தாள். கையில் இருந்த பையைக் கீழே வைக்காமலே கிடாரங்களைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்க, இது ஆருக்கு?"

"எங்களுக்குத்தான்."

"எங்களுக்கா, கப்பலுக்கா?"

மூடியைத் திறந்து பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. நூறு பேருக்குக் குறையாத சோறு. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள், சிரித்துச் சிரித்து முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள்.

"இந்த வெயிலுக்குப் பின்னேரம் ஊசிப் போயிரும். ஒழுங்கையில உள்ள எல்லாரையும் கூப்பிடுங்க."

"நீ போய்ச் சொல்லேன்."

"நானா? எனக்குத்தான் கதைக்க வேணாமெண்டு சொன்னீங்களே. ஆக்கின ஆளே போகோணும்."

ஒரு சேர்ட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். அந்த ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கும் நானாகப் போய்ப் படலையைத் தட்டியதில்லை. முதலில் பக்கத்து வீடு. அக்கா முறையான அந்த வீட்டு ராத்தா என் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"ராத்தா, பகலைக்கு எங்கட வீட்ட வாங்க. எல்லாரும்."

"அல்லாவே, ஆரும் மவுத்தாப் போயிட்டாங்களா?"

"இல்ல, இல்ல. மகன்..."

"மகனுக்கு என்ன?"

"மகன் கப்பல்ல போறான். நேவிக் கப்பல். அரபிக்கடலுக்கு, காவலுக்கு."

"மாஷா அல்லாஹ்! இதச் சொல்லவா இந்த மூஞ்சி?" என்று ராத்தா என்னை ஏசினார். ஏசிக்கொண்டே உள்ளே திரும்பி, உலையை இறக்கச் சொல்லிக் கத்தினார்.

அடுத்த வீட்டு முற்றத்தில் மூன்று பேர் ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்கும் சொன்னேன்.

"மகன் நேவியா? அப்ப நீங்க?"

"நானும்தான். குசினி."

"இவ்வளவு காலமும் துறைமுகம் எண்டல்லோ சொன்னீங்க?"

"துறைமுகத்திலதானே கப்பல் நிக்கும்."

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சொன்ன ஒன்றுக்கு ஆட்கள் அப்படிச் சிரித்தது எனக்கு நினைவில்லை. அடுத்த வீட்டுக்குக் கொஞ்சம் வேகமாக நடந்தேன். அங்கே காவல் என்றால் என்ன என்று கேட்டார்கள், விளக்கினேன். அதற்கடுத்த வீட்டில் கப்பல் எவ்வளவு பெரிது என்று கேட்டார்கள். ஒழுங்கையின் முனையைக் காட்டி, அங்கிருந்து இங்கே வரைக்கும் என்றேன். மகனிடம் கொழும்பிலா வேலை என்று கேட்ட கடைக்காரரிடம், எஞ்சின் நின்றால் கப்பல் நிற்கும், அந்த எஞ்சினைப் பார்ப்பது என் மகன் என்றேன். கப்பலின் கப்டன் கேட்டிருந்தால் கோபித்திருப்பார். ஒழுங்கை முடிந்தது. கூப்பிட்டவர்கள் போதும் என்று தெரிந்தும், தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்து வீடுகளுக்கும் போனேன்.

நடுப்பகல் ளுஹர் தொழுகை முடிந்ததும் வளவு நிறைந்துவிட்டது. பாய் போதாமல் ஓலைத் தடுக்கைப் போட்டோம். ஒரு பெரிய சஹன் தட்டுக்கு ஆறு பேர் என்று சுற்றி இருந்து சாப்பிட்டார்கள். கடைக்காரர் கையில் சோற்றோடு, டவுனிலிருந்து வந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டார்.

"தம்பி, எஞ்சின் நிண்டா கப்பல் நிக்குமாமே? கவனம்."

"ஆரு சொன்னது?"

"ஆரா? உங்கட வாப்பா. படலையடியில பிடிச்சு வச்சிச் சொன்னாரு, நான் கடையப் பூட்டவும் விடல்ல."

மோட்டார் சைக்கிள்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். "எங்களுக்கு எஞ்சினை வரைஞ்சே காட்டினாரு." அது பொய். வரையவில்லை. ஆனால் நான் மறுக்கவில்லை.

மகன் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு என் பக்கம் பார்த்தான். பிறகு அடுத்த சஹனுக்குப் போனான். அங்கேயும் ஏதோ சொன்னார்கள். ஒவ்வொரு சஹனாகக் குனிந்து தண்ணீர் ஊற்றி, ஒவ்வொருவர் சொன்னதையும் அவன் கேட்பதை நான் கிடாரத்துக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். நிமிரும்போதெல்லாம் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்துகொண்டு வந்தது. அடிச்சோறு வரைக்கும் முடிந்துவிட்டது.

பின்னேரம் அவன் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். வாசலில் உம்மாவிடம் ஸலாம் சொல்லிவிட்டு வந்தான். நானும் டவுன் வரைக்கும் அவனோடு பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் நல்ல சனம். சீனன்குடாப் பக்கம் கடல் தெரியத் தொடங்கும்போது கொண்டக்டர் எங்களிடம் வந்தார்.

"எங்க?"

"ரெண்டு டவுன். நான் மட்டுந்தான் திரும்பி வருவன். மகன் கப்பல்ல போறார்."

"ஆ, அப்பிடியா? எந்தக் கப்பல்?"

சொன்னேன். எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்பதையும் சொன்னேன். முன் சீற்றில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், அவருக்கும் சொன்னேன். பின்னால் நின்ற ஒருவர் "நீங்களும் நேவியோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். "இருபது வருசத்துக்கு மேல. குசினி."

மகன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காது இரண்டும் சிவந்துபோய் இருந்தன.

"வாப்பா, காணும், நிப்பாட்டுங்க. எல்லாரும் பாக்கிறாங்க" என்றான் மெல்ல.

"ஏன் மகன்," என்றேன், "உங்களுக்கு வெக்கமா?"

அவன் சிரித்துவிட்டான். டவுன் வரும்வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.