அந்துருண்டை போட்ட கம்ப்யூட்டர்

இன்று காலை, வகுப்பிலிருந்த ஸ்மார்ட் போர்டின் உறையை உருவியதும் அந்துருண்டை வாடை குப்பென்று அடித்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

விக்கிரமசிங்கபுரத்தில் நான் ஏழாவது படித்த பள்ளியின் கம்ப்யூட்டர் அறையிலும் இதே வாடைதான். செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்போம். தையல் டீச்சர் தைத்த வெல்வெட் உறைக்குள் ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனம் அதன் நெற்றியில் காய்ந்து கிடக்கும். உறையைப் பூச்சி அரிக்காமலிருக்க உள்ளே அந்துருண்டை.

அதிகாரி பார்வையிட வந்த அன்றுதான் உறையைக் கழற்றினார்கள். என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். ஆசையில் ஓர் எழுத்தை அமுக்கப் போனேன். கம்ப்யூட்டர் டீச்சர் முதுகில் நறுக்கென்று கிள்ளினார்.

"ஏட்டி, என்ன செய்யுத? அமுக்கிராத. அடிக்க மாதிரி விரலை ஆட்டு, போதும்."

ஆட்டினேன். அதிகாரி திரையைப் பார்க்கவே இல்லை. "பிள்ளை நல்லா அடிக்கா" என்று சொல்லிவிட்டு, வடை எண்ணெய் ஒட்டிய விரலோடு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். எச்சில் துப்ப வேண்டும் போலிருந்தது எனக்கு.

இப்போது நானும் டீச்சர். போர்டு வந்து ஒரு வருஷமாகிறது. மேலிடத்துக்குப் படம் அனுப்பச் சொல்லி உத்தரவு வந்ததால்தான் இன்று உறையை உருவினேன். ஏழாவது படிக்கும் செல்வியைத் திரை முன்னால் நிறுத்தி, செல்போனைத் தூக்கினேன். அவள் விரல் மெல்லத் திரையை நோக்கி நீண்டது.

"ஏட்டி, தொட்டிராத, ரேகை விழுந்திரும். தொடுத மாதிரி நில்லு."

சொன்னது நான்தான். உறைக்குள் அந்துருண்டை போட்டு வைத்தவளும் நான்தான்.